இரண்டாம் இயல் சுடலைச்செல்வி

முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஐந்து இயல்கள் இருக்கும். முதல் இயலை நெறியாளர் படிப்பார், தன் பெயரும் பட்டங்களும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க. கடைசி இயலைப் புறத்தேர்வாளர் படிப்பார், ரயிலில் வரும்போது. நன்றியுரையைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள். பெயர் விட்டுப்போன சித்தப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. இரண்டாம் இயலை மட்டும் ஒருவரும் படிப்பதில்லை. 'கோட்பாட்டு விளக்கம்' என்று அதற்குப் பெயர். அமைப்பியல், கட்டுடைப்பு, பின்நவீனத்துவம் என்று ஏதாவது ஒன்று நாற்பது பக்கத்துக்குக் கிடக்கும். கல்யாணப் பந்தியில் இலையோரத்து உப்பு மாதிரி: வைத்தாக வேண்டும், தொட்டுப் பார்க்க ஆளில்லை.

யாரும் படிக்காததையும் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும். தூத்துக்குடியில் பதினேழு வருஷமாக அதை எழுதிக்கொண்டிருந்தவர் சுடலைச்செல்வி.

கல்லூரிச் சாலையில் ஜூஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் 'செல்வி டிடிபி' என்று ஒரு கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று பலகையில் எழுதியிருக்கும். இரண்டாம் இயல் எழுதித் தரப்படும் என்று எழுதியிருக்காது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ரயிலடியில் இறங்கி, "ரெண்டாம் இயல் அக்கா கடை எங்கன இருக்கு?" என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து விட்டுவிடுவார்.

நாசரேத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். தமிழில் எம்.ஏ., எம்.ஃபில்., இரண்டிலும் முதல் வகுப்பு. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தார். கணவர் செந்தில்வேலுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்க்கும் டேலி கிளார்க் வேலை. சுடலைச்செல்வி ஒன்றரை வருஷம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். பிறகு டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் வந்ததும் கௌரவம் அவருக்குப் போய்விட்டது. சுடலைச்செல்வி கம்ப்யூட்டர் வாங்கினார்.

முதல் வாடிக்கையாளர் ஷாம் என்ற எம்.ஃபில். மாணவர். தலைப்பு, முத்துக்குளித்தல். பழைய நூல் ஒன்றிலிருந்து முப்பது பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் எழுத்துத் திருட்டைப் பிடிக்க மெஷின் வரவில்லை. நெறியாளரின் ஞாபகசக்திதான் மெஷின். ஷாமுடைய கெட்ட நேரம், அவருடைய நெறியாளருக்கு அது கொஞ்சம் இருந்தது.

"யக்கா, வார்த்தையை மட்டும் மாத்திக் கொடுத்திருங்க. பொருள் மாறக் கூடாது," என்றார் ஷாம்.

சுடலைச்செல்வி அகராதியை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினார். 'மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுத்தார்கள்' என்று நூலில் இருந்தது, 'சுவாசத்தைச் சிறையிட்டுச் சமுத்திரப் பாதத்தில் கிளிஞ்சல் களைந்தனர்' என்று ஆனது. சுறாவின் வாயைக் கட்டுவதற்குப் படகில் மந்திரம் ஓதுகிற ஒருவரைக் கூட்டிப் போவது முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம். அவர் 'ஓதுவார்' ஆகிவிட்டார். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம்: "நடுக்கடல்ல சுறாவுக்குத் தேவாரம் எதுக்குப்பா?"

ஷாம் அன்றோடு ஆய்வை விட்டார். இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் சுடலைச்செல்வி தனக்கென ஒரு முறை கண்டுபிடித்தார். மூல நூலை இரண்டு தடவை படிப்பார். மூடுவார். கடையைச் சாத்திவிட்டுத் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிப்பார். டீக்கடையில் அரசியல் பேசுவார்கள், மீன் விலை பேசுவார்கள். நூலின் வார்த்தைகள் எல்லாம் அந்தப் பேச்சில் கரைந்து போகும், விஷயம் மட்டும் மண்டையில் தங்கும். திரும்பி வந்து தங்கியதை எழுதுவார். ஒன்றும் தங்கவில்லை என்றால் ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை படித்து இன்னொரு டீ. எழுதி முடித்த பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுவார். ஏதாவது ஒரு தொடர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் தள்ளுவார். பத்தியின் முடிவில் நூலாசிரியர் பெயர், வருஷம், பக்கம். ஆய்வு நெறிமுறைப் புத்தகங்கள் ஐம்பது பக்கத்தில் சொல்வது அவருக்கு இரண்டு டீயில் முடிந்தது.

வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் பிடித்திருந்தது, அந்தப் பெயரைத் தவிர.

"யக்கா, வாக்கியம் பூரா புதுசு. பிறகு எதுக்கு இங்கன அந்தாளு பேரு?"

"சொன்னது அவருல்லா."

"சொன்னது அவரு, எழுதினது நாம. வார்த்தையத்தான் மாத்தியாச்சே."

"வார்த்தை நம்மது. கருத்து அவருது. பேரை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

"பேரு இருந்தா எங்க சார் 'இதுல உன்னோடது எது'ன்னு கேப்பாரு யக்கா. எடுத்திருங்க."

இரண்டு தடவை எடுத்துச் சொல்வார். மூன்றாவது தடவை எடுத்துவிடுவார். ஆட்களைத் திருத்துவது ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரின் வேலையில்லை என்பது அவர் கட்சி. அதற்காக அவர் தூக்கம் கெட்டதாகவும் தகவல் இல்லை.

கட்டுடைப்பு அவருடைய தனித்திறமை. ஊரில் எல்லோருக்கும் கட்டுடைப்பு வேண்டியிருந்தது. என்ன எழுதினாலும் தப்பு என்று சொல்ல முடியாத கோட்பாடு அது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தால் அது படு கறாரான சமாச்சாரம். ஒரு எழுத்து எதையோ உயர்த்திப் பிடிக்கும், எதையோ தாழ்த்தி ஓரத்தில் தள்ளும். ஓரத்தில் கிடப்பது இல்லாமல் உயரத்தில் இருப்பது ஒரு நிமிஷம்கூட நிற்காது என்பதை அந்த எழுத்தின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்கு வரிவரியாகப் படிக்க வேண்டும். நாலு டீ செலவழித்துச் சுடலைச்செல்வி அதை ஒரே வாக்கியத்தில் எழுதினார்: 'ஒரு கட்டடத்தில் எந்தத் தூணை வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்களோ, அந்தத் தூணின் மேல்தான் கட்டடம் நிற்கிறது என்று காட்டுவதே கட்டுடைப்பு.'

அந்த வாக்கியத்தையும் அதைச் சுற்றிய முப்பது பக்கத்தையும் பதினோரு பேர் வாங்கிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தார். வெள்ளை சுண்ணாம்பு ஆயிற்று, தூண் கால் ஆயிற்று, கட்டடம் மாளிகையும் ஆயிற்று. பதினோரு பேரும் டாக்டர் ஆனார்கள்.

அவருக்கும் ஒரு நாள் ஆசை வந்தது. பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டார். தலைப்பு, 'தூத்துக்குடி மக்ரூன் கடைப் பலகைகள்: ஒரு கட்டுடைப்பு வாசிப்பு'. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற மக்ரூன் இந்த ஊரின் பெருமை. 'இதுவே அசல்', 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று போடாத மக்ரூன் கடை இந்த ஊரில் கிடையாது. போலி என்று ஒருவன் வந்த பிறகுதானே முதல் கடைக்காரர் அசல் என்று பலகை எழுதப் பெயின்டரைத் தேடுகிறார்? ஆகவே அசலைப் பெற்றெடுத்தது போலிதான் என்பது அவருடைய வாதம். நூற்று நாற்பது பலகைகளைப் போட்டோ எடுத்தார். ஆறு வருஷம் ஆயிற்று. கேட்டு வாங்கிய நீட்டிப்பும் தீர்ந்து, அந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து என்று கடிதம் வந்தது. பதினெட்டு நாள் இருந்தது. இரண்டாம் இயலுக்குத் தன் பழைய ஃபைல்களையே எடுத்துச் சேர்த்திருந்தார். ஒப்புமைச் சோதனை ஒன்றுதான் பாக்கி. ஆய்வேட்டை மெஷினில் போட்டு, பிற எழுத்துகளோடு பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்று சான்று வாங்க வேண்டும்.

மெஷின் நூலகத்தில் ரெக்சன் என்ற உதவி நூலகரின் பொறுப்பில் இருந்தது.

"யக்கா, உக்காருங்க," என்றார் ரெக்சன்.

"நின்னுக்கிட்டே கேக்கேன். எவ்வளவு வந்திருக்கு?"

"நாப்பத்தேழு."

"நாலு புள்ளி ஏழா?"

"புள்ளி இல்ல யக்கா."

சுடலைச்செல்வி உட்கார்ந்தார். திரையில் இரண்டாம் இயல் திருவிழாக் கொடி மாதிரி பல நிறத்தில் இருந்தது.

"சேப்பு, உங்க கைடு வெள்ளத்துரை சாரு. பச்சை, ஜெயபிரியா மேடம். ஊதா, அபிலாஷ் சாரு, இப்பம் பிரின்சிபாலா இருக்காருல்லா, அவரு. மொத்தம் பதினோரு டாக்டரு. ஒருத்தரையும் விடல நீங்க."

"இவ்வளவு நாளும் இது மெஷின்ல இல்லையே?"

"பழைய தீசிஸ் எல்லாம் சிடியா பீரோவுல கெடந்துச்சு. போன வருசம்தான் பூராத்தையும் ஏத்துனோம். நான்தான் ஏத்துனேன், மன்னிச்சுக்கிடுங்க."

"ரெக்சன், இது எல்லாம் நான் எழுதினது."

"எனக்குத் தெரியும். பக்கத்து ஜூஸ் கடைக்காரருக்கும் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே. அது தேதியத்தான் பாக்கும். அவங்க முன்ன, நீங்க பின்ன. அதனால களவாணி நீங்கன்னு சொல்லுது. நான் சொல்லல."

அறிக்கையை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனார். டாக்டர் வெள்ளத்துரை நல்ல மனிதர். ஆற்றுப்பாசன ஊரிலிருந்து வந்தவர்; யார் வந்தாலும் மோர் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். சுடலைச்செல்விக்கும் மோர் கொடுத்தார். அறிக்கையைப் புரட்டப் புரட்ட அவர் முகம் வாடியது.

"என்னம்மா இது. என் இரண்டாம் இயலை அப்படியே எடுத்துட்டீங்களே."

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அதுதான் சுடலைச்செல்வியைத் திகைக்க வைத்தது. பதினாலு வருஷமாக அந்தத் தூண் வாக்கியத்தை வகுப்பில் சொல்லி, கருத்தரங்கில் சொல்லி, ஒருமுறை மருமகப்பிள்ளை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவிலும் சொல்லி, அது தன் மண்டையில் பிறந்தது என்றே அவர் நம்பிவிட்டிருந்தார்.

"சார், 2011ல நீங்க நம்ம கடைக்கு வந்தப்போ..."

"ஆமா, வந்தேன். ஒரு பிழையில்லாம டைப் அடிச்சுத் தந்தீங்க. நன்றியுரையிலகூட உங்க பேரைப் போட்டிருக்கேனே."

"சார், அது எழுதினது..."

"எழுதினது நான், டைப் அடிச்சது நீங்க. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?"

உண்மையாகவே கேட்டார். பிறகு ஆறுதலாக, "மாத்தி எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுருதேன். உங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார்.

சுடலைச்செல்வி மோரைக் குடித்துவிட்டு வந்தார். பேசியிருக்கலாம். பேசினால் முதலில் விழுவது தன் கடைதான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கள்ளச்சாவி செய்து கொடுத்தவர், திருட்டுப் போனது என் வீடு என்று போலீஸில் போய் நிற்பது எப்படி?

மாற்றி எழுத உட்கார்ந்தார். முறைப்படி மூடி வைத்தார், டீ குடித்தார், வந்து எழுதினார். ரெக்சன் போட்டுப் பார்த்துவிட்டு, "யக்கா, இது பச்சை," என்றார். ஜெயபிரியாவுக்கு 2013இல் எழுதிக் கொடுத்தது. மறுபடி எழுதினார். அது ஊதா. மூன்றாவது, ஆறுமுகநேரி உப்பு கம்பெனிக்காரர் ஒருவர் ஆசைக்கு டாக்டர் பட்டம் வாங்கினாரே, அவருடையது. ஒரே விஷயத்தை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனையையும் அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். ஐந்தாம் நாள் மெஷின் ஐம்பத்தொன்று காட்டியது.

வீட்டில் செந்தில்வேல் சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டார்.

"ஏளா, ஹார்பர் யார்டுல பழைய கண்டெய்னர் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்து நிப்பாட்டுவான். நான் பெயின்டையா பாக்கேன்? கதவுல நம்பர் இருக்கும், அதப் பாப்பேன். நீ ஒரே பெட்டிக்குப் பதினோரு பெயின்ட் அடிச்சிருக்க. நம்பர் மாறுமா?"

"அப்பம் என்ன செய்யச் சொல்லுதிய?"

"நம்பரச் சொல்லிரு."

"யார்ட்ட?"

"அது எனக்கெப்படித் தெரியும். எனக்கு கேட் வரைக்கும்தான் டூட்டி. ரசத்த இங்கன தள்ளு."

மறுநாள் பதினோரு ஆய்வேடுகளையும் நூலகத்தில் கேட்டு வாங்கி மேசையில் அடுக்கினார். தன் வாக்கியங்களை ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாம் இயல்கள் முடிந்ததும் கை தானாக முன்பக்கம் போயிற்று. நன்றியுரை. கடவுள், பல்கலைக்கழகம், நெறியாளர், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள். கடைசி வரியில், 'இவ்வாய்வேட்டைப் பிழையறத் தட்டச்சு செய்து தந்த செல்வி டிடிபி சுடலைச்செல்வி அவர்களுக்கும்' என்று ஒருவர். இன்னொருவர் 'விரைவாக' என்று சேர்த்திருந்தார். அபிலாஷ், ஸ்பைரல் போட்டவருக்கு அடுத்தபடியாக அவருக்கு நன்றி சொல்லியிருந்தார். முன்பெல்லாம் இந்த வரியைப் படித்துச் சுடலைச்செல்விக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. பதினொன்றையும் ஒன்றாகப் படித்தபோது, ஆறு வருஷமாக மக்ரூன் பலகையில் தான் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே செய்ய மறந்துவிட்டோம் என்று தோன்றியது. ஓரத்தில் கிடக்கும் வரியைத்தானே முதலில் படிக்க வேண்டும்.

இரண்டாம் இயலைப் புதிதாக எழுதினார். கட்டுடைப்பு என்றால் என்ன என்று தன் வார்த்தையில் ஒரு வரி சொல்லவில்லை. பதினோரு டாக்டர்கள் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர், வருஷம், பக்கம் கொடுத்தார். பிறகு ஓர் அட்டவணை. முதல் கட்டத்தில் டாக்டர் பெயர், அடுத்ததில் தூண் வாக்கியம், மூன்றாவதில் நன்றியுரையின் கடைசி வரி. அதன் கீழே எழுதினார்: 'இவை பதினொன்றும் தம்முள் ஒத்திருப்பது நோக்கத்தக்கது. அதற்கான காரணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.' பயமாக இருக்கிறது என்பதை ஆய்வுத் தமிழில் இப்படித்தான் எழுதுவார்கள்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை மெஷின் கணக்கில் எடுக்காது. ஆறு சதவீதம் வந்தது.

"இது எப்படி யக்கா?" என்றார் ரெக்சன்.

"களவாண்ட பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றார் சுடலைச்செல்வி.

வெள்ளத்துரை துணைநூற்பட்டியலைப் பார்த்தார். அடிக்குறிப்புகளில் தன் பெயர் இருபத்தொரு இடத்தில் வந்திருப்பதை எண்ணினார். "இப்பதாம்மா ஆய்வேடு மாதிரி இருக்கு," என்று சொல்லி மோர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் இயலை அவர் படிக்கவில்லை. சுடலைச்செல்வி இருபத்தெட்டாம் தேதி சமர்ப்பித்தார்.

ஏழு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் டாக்டர் வேல்விழி வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். அவர் வந்த ரயில் மணியாச்சிக்கு அந்தப் பக்கம் எங்கோ மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. கடைசி இயலை முடித்தவருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. நாலாவதைப் படித்தார், மூன்றாவதைப் படித்தார். ரயில் அப்போதும் நகரவில்லை.

கருத்தரங்க அறையில் நாற்பது பேர். முன்வரிசையில் ஜெயபிரியா, அபிலாஷ் என்று பதினோரு டாக்டர்களில் ஐந்து பேர் இருந்தார்கள். துறை விசேஷம் என்றால் வராமல் இருக்க முடியாது. பின்வரிசையில் பர்மிஷன் போட்டு வந்த செந்தில்வேல். மக்ரூன் பற்றி வேல்விழி நிறையக் கேட்டார், சுடலைச்செல்வி நன்றாகவே பதில் சொன்னார். பிறகு வேல்விழி ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"பக்கம் அறுபத்திரண்டு. அட்டவணை."

மேடையில் உட்கார்ந்திருந்த வெள்ளத்துரை முதல் தடவையாக அறுபத்திரண்டாம் பக்கத்தைத் தேடினார்.

"பதினோரு பேர், பதினோரு ஆய்வேடு, ஒரே தூண். நன்றியுரையில ஒரே பேர். காரணம் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த எல்லை எங்க இருக்கு, கொஞ்சம் சொல்லுங்களேன்."

முன்வரிசையில் யாரோ செருமினார்கள். வெள்ளத்துரை பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது கட்டத்தில் அவர் விரல் நின்றது.

டைப் அடித்தது மட்டும்தான் நான் என்று சொன்னால் பட்டம் அந்த அறையிலேயே கிடைத்துவிடும், வாக்கியம் கைவிட்டுப் போய்விடும். எழுதியது நான் என்றால் அடுத்த கேள்வி கடையைப் பற்றித்தான். சுடலைச்செல்வி மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"மேடம், அந்த வாக்கியம் முதல்ல இருந்த ஃபைல் கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கு. 2009ல உள்ளது. அதுல ஒவ்வொரு பத்திக்கும் கீழ நான் படிச்ச புத்தகம், ஆசிரியர் பேரு, பக்கம் எல்லாம் இருக்கு. இந்தப் பதினொண்ணுல அது ஒண்ணுகூட இல்லை."

"யார் எடுத்தாங்க?"

"நான்தான் எடுத்தேன். எடுக்கச் சொன்னாங்க, எடுத்துக் கொடுத்தேன். தப்புன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். ஆனா எடுத்தேன்."

வேல்விழி வேறு எதுவும் கேட்கவில்லை. தாளில் ஏதோ எழுதி, எழுந்து நின்று படித்தார். ஆய்வேடு பட்டத்துக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே ஒரு திருத்தம்.

"மூலம் கையில இருக்கும்போது இரண்டாம்நிலைச் சான்றை மேற்கோள் காட்டக் கூடாது. அந்தப் பதினோரு மேற்கோளையும் எடுத்துட்டு, மூலப் படியை எழுதினவர் பேரோட குறிப்பிடணும். அந்த மூலத்துக்கு மூலமான புத்தகங்களோட பட்டியலும் வேணும். பதினஞ்சு நாள். நெறியாளர் கையெழுத்தோட."

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசை கொஞ்சம் தாமதமாகத் தட்டியது.

பன்னிரண்டாம் நாள் சுடலைச்செல்வி திருத்திய பிரதியோடு வெள்ளத்துரையின் அறைக்குப் போனார். அன்று மோர் வரவில்லை. வெள்ளத்துரை துணைநூற்பட்டியலின் கடைசி வரியில் விரல் வைத்தார். 'சுடலைச்செல்வி. கட்டுடைப்பு: ஒரு விளக்கம். வெளிவராத தட்டச்சுப் படி. தூத்துக்குடி, 2009.'

"இந்த 2009 அவசியமாம்மா?"

"எழுதின வருஷம் சார்."

"என்னுது 2011. இது முன்ன வருது."

"ஆமா சார்."

"காலம் குறிப்பிடப்படவில்லைன்னு போடலாமே. விதியில இடம் இருக்கு."

"காலம் தெரியாத நூலுக்குத்தான் சார் அது. இது எனக்குத் தெரியுமே."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பதிவு நீட்டிப்பெல்லாம் முடிந்துபோன ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். இன்னும் மூன்று நாள் பேனாவை அவர் மூடியே வைத்திருந்தால், ஆறு வருஷமும் நூற்று நாற்பது பலகையும் போயிற்று.

"நான் வேணும்னு செய்யலம்மா," என்றார். "நான் எழுதினதாத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அந்தப் பக்கத்தைப் பாக்கிற வரைக்கும் சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"தெரியும் சார்."

"கையெழுத்துப் போட்டுட்டா, பிறகு என் தீசிஸ்ஸ நான் என்ன செய்ய?"

"ஒரு திருத்தப் பக்கம் எழுதி நூலகத்துல கொடுக்கலாம் சார். இரண்டாம் இயலுக்கு மூலம் இன்னதுன்னு நாலு வரி. ரெக்சன் சிடியோட சேத்து ஏத்திருவாரு. பேரைச் சொல்லிட்டா குத்தமில்ல."

வெள்ளத்துரை யோசித்தார். பிறகு பேனாவைத் திறந்து, 2009க்குப் பக்கத்தில் கை படாமல், அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அந்த நாலு வரி," என்றார், "நம்ம கடையில..."

"டைப் அடிச்சுத் தாரேன் சார். எழுதினதைக் கொண்டாங்க."

மறுவாரம் சனிக்கிழமை அவரே கடைக்கு வந்தார். கோடு போட்ட தாளில் கையால் எழுதிய நாலு வரி. எழுத ஒரு வாரமாயிற்று என்று அவர் மனைவி பின்னால் சொன்னார். அடித்தும் திருத்தியும் மறுபடி அடித்தும், ஒருவழியாக முற்றுப்புள்ளி வைத்திருந்தார். அதில் சந்திப்பிழை இரண்டு, ஒரு வினைமுற்று எழுவாயோடு சேரவில்லை. சுடலைச்செல்வி ஒன்றையும் திருத்தாமல், அவர் எழுதியதை எழுதியபடியே அடித்துக் கொடுத்தார்.